"இங்கை சுடமாட்டம்" என்று கோடு கீறின கதை

லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போனால் அரை மணித்தியாலம் கதைக்காமல் திரும்பி வர ஏலாது. நான் வழமையாகப் போற கடையின் அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயதுக்குக் கிட்ட இருக்கும். வன்னி ஆள். தொண்ணூறுகளின் கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவர். நான் சரித்திரம் படிக்கிறன் என்று தெரிஞ்ச நாளிலிருந்து "புரொபெசர்" என்றுதான் கூப்பிடுவார் (அதுக்காக முருங்கைக்காயில் ஒரு சதம் குறைக்கமாட்டார், அது வேறை கதை).

மே மாதம், முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுக்கிற கிழமை. கடையில் சனம் இல்லாத நேரம். திடீரென்று கேட்டார்.

"தம்பி, நீர் சரித்திரம் படிக்கிறீர்தானே. இந்தப் பாதுகாப்பு வலயம் எண்டுற சாமான் உலகத்திலை எங்கையாவது ஒழுங்கா வேலை செய்திருக்கோ?"

ஜெனீவா, சட்டம், அது இது என்று நான் ஏதோ இழுத்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கத்தரிக்காய்ப் பெட்டியை அடுக்கிக்கொண்டே தன்ரை கதையைச் சொன்னார்.

2009 தை மாதம். கிளிநொச்சி விழுந்து ஒரு மூன்று கிழமை. அவருடைய அம்மாவும் தங்கச்சி குடும்பமும் விசுவமடுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தவை. எப்போதாவது ஆருடையதோ சற்றலைற் ஃபோனில் ரெண்டு நிமிசம் கதைக்கக் கிடைக்கும். அப்படிக் கிடைச்ச ஒரு ரெண்டு நிமிசத்தில், "சுதந்திரபுரம், வள்ளிபுனம் பக்கம் பாதுகாப்பு வலயமாம், அங்கை சுடமாட்டினமாம், அங்கை போங்கோ" என்று இங்கே இணையத்தில் வாசித்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். போனவை. தங்கச்சியும் பிள்ளைகளும் கடைசியில் செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தவை. அம்மா வரவில்லை.

"நான் சொல்லாட்டி அவ போயிருக்கமாட்டா தம்பி. அப்ப பிழை என்ரையோ?"

அன்றைக்கு ஒரு பதிலும் சொல்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். இப்படிக் கேள்விக்கு ஆர் என்ன சொல்லுறது? ஆனால் அவருடைய முதல் கேள்விக்காவது ஒழுங்காக விடை தேடவேணும் என்று நூலகத்தில் குந்தியிருந்து வாசிக்கத் தொடங்கினேன். முதலாவதாகக் காலில் தடக்குப்பட்டது அவருடைய கடை இருக்கிற இடமேதான்.

மார்க்ஸ் டோர்முவா மெத்ரோவில் இறங்கி ஓர்டெனர் வீதிப் பாலத்தில் நிண்டு பார்த்தால் கீழே தண்டவாளங்கள் கோலம் போட்ட மாதிரிப் பிரிஞ்சு பிரிஞ்சு போகும். கார் து நோருக்கு வாற ரயில்கள் எல்லாம் அதாலேதான். பஜோல் வீதிப் பிள்ளையாருக்குத் தேர் இழுக்கும்போது நாங்கள் தேங்காய் உடைக்கிற றோட்டுகள் இதைச் சுற்றித்தான் இருக்கு. 1944 சித்திரை 20ஆம் திகதி இரவு, நடுச்சாமம் தாண்டின நேரம், பிரித்தானிய விமானப்படையின் சுமார் 250 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் இந்த ரயில் நிலையப் பகுதிக்கு மேலே வந்தன. இலக்கின் பெயரே "லா சப்பல்". இரண்டு அலையாக, நடுவில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியால இடைவெளி விட்டு அடித்தார்கள். முதல் அலை ஓய்ஞ்சுது என்று காயப்பட்டவர்களைத் தூக்க வெளிக்கிட்ட நேரம் அடுத்த அலை வருவது என்றால் எப்படியிருக்கும் என்று எங்கடை ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பாரிஸின் 18ஆம் வட்டாரத்திலும், பக்கத்து சென் துவான், சென் துனியிலும் அறுநூறுக்கு மேற்பட்ட சனம் செத்தது. மலையிலிருக்கிற சக்ரே கேர் தேவாலயத்துக்குக் கிட்டவும் குண்டு விழுந்து கண்ணாடிச் சித்திரங்கள் உடைந்தன. இதிலை எனக்கு வயித்தைப் பிரட்டினது என்னவென்றால், விமானப்படையின் கணக்கில் இது ஒரு வெற்றிகரமான தாக்குதல். குறி துல்லியமாம், குண்டுகள் நல்ல செறிவாய் விழுந்ததாம். புதிதாக ஒரு இலக்குக் குறிக்கும் முறையைப் பரீட்சித்துப் பார்த்த இரவு அது. துல்லியமாக அடித்தும் அறுநூறு பேர்.

குண்டு போட்டவர்கள் பிரான்ஸின் எதிரிகளும் இல்லை. நாலு மாதத்தில் இதே பாரிஸை விடுவிக்கப் போறவர்கள். நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு முதல் ஜேர்மன் படைகளின் ரயில் போக்குவரத்தை முறிக்கவேணும் என்பது திட்டம். அதில் பிரெஞ்சுப் பொதுமக்கள் எத்தனை பேர் சாவார்கள் என்று லண்டனில் மேசையிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். சேர்ச்சிலுக்கே அந்தக் கணக்குப் பயத்தைக் கொடுத்தது. பத்தாயிரத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு எல்லை வைக்கப் பார்த்தார். மே மாதம் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதிக் கேட்டார். களத்திலிருக்கிற தளபதிகளின் கையை இவ்வளவு தூரத்திலிருந்து கட்டிப்போட விரும்பவில்லை என்று பதில் வந்தது. போர் முடியேக்கை நேச நாட்டு விமானங்களின் குண்டில் செத்த பிரெஞ்சுச் சனத்தின் தொகை ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. குண்டு விழுந்து ஒரு கிழமைக்குள் மார்ஷல் பெத்தான், ஜேர்மனியோடை கூடிக்கொண்டு ஆட்சி செய்த அந்தாள், பாரிஸுக்கு வந்து நோத்ர் தாமில் பூசையில் இருந்தார். செத்த சனத்தின் மேல் ஏறி நிண்டு அரசியல் செய்யிறது எங்கடை கண்டுபிடிப்பு இல்லை.

சரி, பாதுகாப்பு வலயத்துக்கு வாறன்.

போரில் ஒரு இடத்தைச் சுற்றிக் கோடு கீறி, "இதுக்குள்ளை ஆரும் சண்டை பிடிக்கிறேல்லை" என்று முன்கூட்டியே பேசி வைக்கிறது நல்லாய்ப் பழைய யோசனை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. 1864இல் வந்த முதலாவது ஜெனீவா உடன்படிக்கை காயப்பட்ட சிப்பாய்களுக்கானது. சண்டை பிடிக்காத சனம் தனக்கென்று ஒரு முழு உடன்படிக்கையைப் பார்க்க 1949 ஆவணி வரைக்கும் காத்திருந்தது. முதல் உடன்படிக்கையிலிருந்து 85 வருசம், இடையில் இரண்டு உலகப்போர்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் இந்த யோசனையைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிஞ்சவர் ஜோர்ஜ் சென் போல் என்கிற பிரெஞ்சு இராணுவ மருத்துவர். முதலாம் உலகப்போரைப் பார்த்த மனிசன். குண்டுவீச்சு விமானம் வந்தபிறகு போர்முனை, பின்பக்கம் என்ற பிரிவே இல்லாமல் போகப்போகுது என்று அவருக்கு விளங்கியிருந்தது. பெண்கள், குழந்தைகள், வயோதிபர், நோயாளிகளுக்கென்று ஒவ்வொரு நாடும் சில இடங்களைச் சமாதான காலத்திலேயே ஒதுக்கி வைக்கவேணும், மற்ற நாடுகள் அதை ஏற்றுக்கொள்ளவேணும் என்றார். அந்த இடங்களுக்கு "ஜெனீவா இடங்கள்" என்று பெயர் வைத்து 1931இல் ஒரு சங்கம் தொடங்கினார். எங்கே? இதே பாரிஸில். அண்ணையின் அம்மா போய்ச்சேர்ந்த அந்த வலயத்தின் யோசனைக்குச் சங்கம் வைத்த ஊரில் இருந்துதான் அண்ணை அந்த ஃபோனில் கதைச்சிருக்கிறார்.

சென் போல் 1937இல் செத்துப்போனார். அதே வருசக் கடைசியில் வேறொரு பிரெஞ்சுக்காரர், அவரும் கொஞ்சம் விசர் பிடிச்ச ஆள் என்றுதான் சொல்லவேணும், அந்த யோசனையைக் கடதாசியிலிருந்து தரைக்குக் கொண்டுவந்தார். ஷங்காயில் இருந்த ஜக்கினோ என்ற யேசுசபைப் பாதிரியார். ஒரு விபத்தில் வலது கையை இழந்தவர். யப்பான் படை ஷங்காயைத் தாக்கினபோது லட்சக்கணக்கான சனம் றோட்டில். பாதிரியார் பழைய நகரத்தின் ஒரு மூலையைத் தெரிவு செய்தார். சீன அதிகாரிகளிட்டைப் போனார், அங்கேயிருந்த ஆயுதங்களையும் படையையும் எடுக்க ஒப்புக்கொள்ளப் பண்ணினார். யப்பான்காரரிட்டைப் போனார், அதுக்குள்ளை அடிக்கிறதில்லை என்று ஒப்புக்கொள்ளப் பண்ணினார். ரெண்டு பக்கத்துக்கும் மாறி மாறி நடந்ததுதான் அவருடைய பெரிய வேலை. 1937 கார்த்திகை 9ஆம் திகதி வலயம் தொடங்கியது. இரண்டரை லட்சம் பேர்வரை அங்கே தஞ்சம் புகுந்தார்கள் என்று கணக்கு. 1940 ஆனி மட்டும் அது நிண்டு பிடிச்சது.

அடுத்த மாதமே நான்கிங் நகரத்தில் அங்கிருந்த வெளிநாட்டவர்கள் இதைப் பார்த்து இன்னொரு வலயம் அமைத்தார்கள். யப்பான் முறைப்படி ஒப்புக்கொள்ளவில்லை. ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்த சீனச் சிப்பாய்களும் சனத்தோடை கலந்து உள்ளே வந்தார்கள். யப்பான் படை உள்ளே புகுந்து ஆம்பிளைகளைப் பிரித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுட்டது. அந்த வலயத்தால் உயிர் தப்பினவர்கள் ஏராளம், அதையும் சொல்லவேணும். ஆனால் ஷங்காய்க்கும் நான்கிங்குக்கும் இடையில் நடந்த வித்தியாசம் ஒரு கையெழுத்து. அதுக்கும் ஒரு வருசம் முந்தி மட்ரிட்டில் பிராங்கோ தன்ரை பாட்டுக்கு சலமாங்கா என்ற பகுதியில் குண்டு போடமாட்டன் என்று அறிவித்திருந்தார். ஊரிலேயே வசதியான ஆக்கள், அவருக்கு வேண்டிய ஆக்கள் இருந்த பகுதி அது. அறிவிக்கிற ஆளின் வசதிக்குத்தான் அப்படி அறிவித்தல்கள் வரும்.

இந்த அனுபவங்களையெல்லாம் வைத்துத்தான் 1949இல் நாலாவது ஜெனீவா உடன்படிக்கையின் 14ஆம் 15ஆம் பிரிவுகளை எழுதினார்கள். பின்னிணைப்பில் ஒரு மாதிரி ஒப்பந்தமும் இருக்கு. அதை நான் வரி வரியாக வாசித்தேன். வலயம் நாட்டின் சிறு பகுதியாக இருக்கவேணும். கொள்ளக்கூடிய அளவோடை பார்த்தால் சனம் ஐதாக இருக்கிற இடமாக இருக்கவேணும். இராணுவ இலக்குகளிலிருந்து தூர இருக்கவேணும். போரின் போக்கில் முக்கியமாகக்கூடிய இடத்தில் இருக்கவே கூடாது. வெள்ளையில் சரிவான சிவப்புக் கோடுகள் போட்டு அடையாளம் வைக்கவேணும். எல்லாத்துக்கும் மேலே, தரப்புகள் தங்களுக்குள் ஒப்புக்கொள்ளவேணும். இந்தப் பிரிவுகள் நாடுகளுக்கு இடையிலான போருக்கு எழுதினவை, உள்நாட்டுப் போருக்குக் கட்டாயமில்லை. ஆனால் உள்நாட்டுப் போரிலும் விரும்பினால் இப்படி ஒப்பந்தம் செய்யலாம் என்று அதே உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு வழி விட்டிருக்கு. இலங்கை 1959இலேயே இந்த உடன்படிக்கைகளில் சேர்ந்துவிட்டது. உள்நாட்டுப் போருக்கென்று 1977இல் வந்த இரண்டாவது நெறிமுறையில் மட்டும் சேரவில்லை.

இப்ப யாழ்ப்பாணம். அண்ணையின் கேள்விக்கு "ஓம், வேலை செய்திருக்கு" என்று சொல்லக்கூடிய விடை ஷங்காய்வரை போகாமல் எங்கடை ஊரிலேயே இருந்தது. எனக்கு அம்மம்மா சொல்லித் தெரிஞ்ச விசயம்தான், ஆனால் அதுக்கு இப்படி ஒரு சரித்திரம் இருக்கு என்று இங்கே வந்துதான் தெரியும்.

யாழ் ஆஸ்பத்திரி என்றாலே முதலில் நினைவு வாறது 1987 ஐப்பசி 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப்படை உள்ளே புகுந்து நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என்று அறுபது எழுபது பேரைச் சுட்ட நாள். அதுக்கு முந்தி ஆயுதத்தோடை உள்ளே நின்ற புலிகளை வெளியிலை போகச் சொல்லி மருத்துவர்கள் மன்றாடினதையும் "முறிந்த பனை" பதிவு செய்திருக்கு. அந்தப் புத்தகத்தை எழுதினவர்களில் ஒருவரான ரஜனி திராணகமவை 1989இல் சுட்டுக் கொன்றாச்சு. ஆஸ்பத்திரிக்குள் துவக்கு வரக்கூடாது என்பதற்கு எங்களிடம் இருக்கிற முதல் பாடம் இது.

1990 ஆனியில் திரும்பச் சண்டை தொடங்கியது. ஆஸ்பத்திரி கோட்டைக்குக் கிட்ட. கோட்டைக்குள் ஆமி, வெளியே புலிகள். ஆஸ்பத்திரி இயங்க ஏலாத நிலை. 1989இலிருந்து இலங்கையில் நின்ற சர்வதேச செஞ்சிலுவைக் குழு ரெண்டு பக்கமும் நடந்தது. 1990 கார்த்திகையில் அரசாங்கமும் புலிகளும் ஒப்புக்கொண்டு, யாழ் ஆஸ்பத்திரியும் சுற்றுவட்டாரமும் செஞ்சிலுவைக் குழுவின் பாதுகாப்பில் ஒரு வலயமானது. உள்ளே ஆயுதம் இல்லை, படை இல்லை, செஞ்சிலுவைக் கொடி, உள்ளுக்கு வெளிநாட்டுப் பிரதிநிதிகள். உலகத்திலேயே இப்படி உண்மையில் நடைமுறைக்கு வந்த வலயங்களை விரல் விட்டு எண்ணலாம், அதிலை ஒன்று எங்கடை ஆஸ்பத்திரி வீதி! பொம்மர் சுத்தத் தொடங்கினால் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடுவம் என்று அம்மம்மா சொல்லுவா. "அங்கை போடமாட்டாங்கள்" என்று சின்னப் பிள்ளையளுக்கும் தெரியுமாம். வடமராட்சியில் மந்திகை ஆஸ்பத்திரியில் நின்ற "எல்லைகளற்ற மருத்துவர்கள்" அமைப்பும், 1971இல் இதே பாரிஸில் தொடங்கினதுதான்.

ஒன்றைச் சொல்லாமல் தாண்டினால் மனச்சாட்சி குத்தும். அந்த வலயம் வாறதுக்குக் கொஞ்ச நாள் முந்தி, 1990 ஐப்பசி 30, யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை ரெண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். வடக்கு முழுக்க எழுபதாயிரத்துக்கு மேலே. ஆஸ்பத்திரியைச் சுற்றிக் கோடு கீற ஒப்புக்கொண்ட அதே ஆக்கள்தான். அந்தச் சனம் நடந்துபோன றோட்டிலேயே சரியாய் ஐந்து வருசம் கழிச்சு, அதே ஐப்பசி 30 இரவில், வலிகாமம் முழுவதும் சாவகச்சேரிப் பக்கம் நடந்தது. என்ரை அம்மாவும் அதிலை ஒருத்தி. அம்மம்மா இதைப் பற்றி ஒரு நாளும் கதைச்சதில்லை, நான் கேட்டதும் இல்லை.

அம்மா கதைக்கிறது நவாலியைப் பற்றி. 1995 ஆடி 9. "முன்னேறிப் பாய்தல்" என்று பெயர் வைத்த நடவடிக்கை. கோயில்களிலும் தேவாலயங்களிலும் போய் இருங்கோ என்று சனத்துக்கு அரசாங்கத்தின் அறிவித்தல். நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயிலிலும் சனம் நிறைஞ்சு போய் இருந்தது. விமானம் வந்து போட்டது. நூற்றிருபதுக்கு மேற்பட்ட சாவு. அதைச் செஞ்சிலுவைக் குழு வெளியிலை சொன்னதுக்கு அரசாங்கம் அவர்களோடைதான் கோவிச்சது. அம்மா இருந்த வீட்டிலிருந்து ஒரு மைல் இருக்காது. இங்கே நொத்ர் தாமுக்குப் பின்னாலை கொஞ்சம் நடந்தால் சென் ஜெர்வே என்ற தேவாலயம் இருக்கு. 1918 பெரிய வெள்ளிக்கிழமை பூசை நேரம் ஜேர்மன்காரரின் நெடுந்தூரப் பீரங்கிக் குண்டு விழுந்து, கூரை இடிஞ்சு 91 பேர் செத்த இடம். அம்மாவுக்கு ஃபோனில் சொன்னேன். "இஞ்சையும் கோயிலுக்கையோ?" என்று மட்டும் கேட்டா.

நவாலிக்கு ரெண்டு நாளைக்குப் பிறகு, 1995 ஆடி 11, பொஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா விழுந்தது. ஐ.நா. பாதுகாப்புச் சபையே 1993இல் தீர்மானம் போட்டு அறிவித்த பாதுகாப்பு வலயம் அது. ஐ.நா. சிப்பாய்கள் உள்ளே நின்றார்கள், எண்ணாயிரம் ஆம்பிளைகளையும் பெடியங்களையும் காப்பாற்ற அவர்களால் முடியவில்லை. உள்ளே ஆயுதம் முழுசாய்க் களையப்படவில்லை, வெளியே நின்ற சேர்பியப் படை அந்த வலயத்தை ஒரு நாளும் மனதார ஏற்கவில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு 2009க்கு வந்தால் விசயம் வேறமாதிரித் தெரியுது.

தை 20, 21 அளவில் அறிவிச்ச முதலாவது வலயம் சுமார் 35 சதுர கிலோமீற்றர். பரந்தன் முல்லைத்தீவு வீதியோரம், இராணுவம் முன்னேறி வந்துகொண்டிருந்த பாதையில். மாதிரி ஒப்பந்தம் எந்த இடம் கூடாது என்று சொல்லுதோ அந்த இடம். அறிவிச்சது இராணுவம் மட்டும். புலிகளிட்டை ஆரும் கேட்கவில்லை, அவர்கள் ஒப்புக்கொள்ளவும் இல்லை, உள்ளே நடமாடுறதை நிப்பாட்டவும் இல்லை. சுதந்திரபுரத்தில் ஐ.நா. ஊழியர்கள் நின்ற உணவு குடுக்கிற இடத்தின் அமைவிடத்தை முன்கூட்டியே இராணுவத்துக்குச் சொல்லியிருந்தும் அங்கே செல் விழுந்தது என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியிருக்கு. மாசி 12இல் ரெண்டாவது வலயம், மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் கடலோர மணல் துண்டு. மே 8இல் மூன்றாவது, அதைவிடச் சின்னன். சனம் பெட்டியிலிருந்த சீலைகளைக் கிழிச்சுத் தைச்சு மணல் நிரப்பிப் பங்கர் கட்டினது. அரசாங்கம் உள்ளே எழுபதினாயிரம் பேர்தான் என்று கணக்குச் சொல்லி அந்தக் கணக்குக்குத்தான் சாப்பாடு அனுப்பினது. கடைசியில் முகாம்களுக்கு வந்து சேர்ந்தது ரெண்டு லட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேல்.

அரசாங்கம் வலயத்துக்குள்ளும் ஆஸ்பத்திரிகளுக்கும் செல் அடித்தது, புலிகள் சனத்தைப் போகவிடாமல் மறிச்சு, தப்பி ஓடினவர்களைச் சுட்டார்கள், ரெண்டுக்கும் நம்பத்தகுந்த ஆதாரம் உண்டு என்று அதே நிபுணர் குழு சொல்லுது. பொதுமக்கள் சாவு நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்றும். புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்கு அடி விழ, செஞ்சிலுவைக் குழு நோயாளிகளோடை மாத்தளனுக்கு நகர்ந்தது. அங்கேயிருந்து மே 9 வரைக்கும் கப்பலில் காயப்பட்டவர்களையும் கூட வந்தவர்களையும், பதின்மூவாயிரத்துக்கு மேலே, ஏற்றி அனுப்பினார்கள். கப்பல் வாற நேரம் ரெண்டு பக்கமும் இணங்கவேணும், அந்தக் கொஞ்ச மணித்தியாலம் மட்டும் 1990 யாழ்ப்பாணம் திரும்பி வந்த மாதிரி. அவர்களுடைய ஊழியர்களும் மூன்று பேர் அந்த மாதங்களில் கொல்லப்பட்டார்கள்.

எல்லாத்திலும் என்னை நித்திரை கொள்ள விடாதது ஒரு மருத்துவரின் சாட்சியம். ஆஸ்பத்திரி எங்கே இருக்கு என்ற அமைவிடக் குறிப்பை இராணுவத்துக்குக் குடுக்கிறது வழமை, அடிக்காமல் விடுறதுக்காக. குடுத்த பிறகுதான் அடி விழுது என்று கண்டு, இனிக் குடுக்கவேண்டாம் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். சென் போலும் ஜக்கினோவும் அடையாளத்தைக் கண்டால் சுடமாட்டான் என்று நம்பித்தான் முழுவதையும் கட்டினார்கள். அப்போது இதே பாரிஸில் தலைமையகம் இருந்த "பட்டினிக்கு எதிரான செயற்பாடு" அமைப்பின் 17 உள்ளூர் ஊழியர்கள் 2006 ஆவணியில் மூதூரில் சுடப்பட்டுக் கிடந்தபோது அவர்கள் போட்டிருந்ததும் அந்த அமைப்பின் பெயர் போட்ட ரீசேட்தான்.

போன சனிக்கிழமை கடைக்குப் போனேன். வலயத்தின் கதையைச் சுருக்கமாய்ச் சொன்னேன். லாச்சப்பலில் குண்டு விழுந்த கதைக்கு "இஞ்சையோ? இந்த றோட்டிலையோ?" என்று வெளியிலை எட்டிப் பார்த்தார். ஒற்றைக்கைப் பாதிரியாரின் கதையைத்தான் கூடக் கேட்டார்.

"அந்தாள் ரெண்டு பக்கமும் கேட்டுத்தான் கோடு கீறினவரோ?"

"ஓம் அண்ணை. ரெண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட பிறகுதான் சனத்தை உள்ளை விட்டவர்."

"யாழ்ப்பாண ஆஸ்பத்திரியும்?"

"அதுவும்."

"எங்கடையிலை?"

"உங்களுக்கு அறிவிச்சவை ஒரு பக்கம் மட்டும். மற்றப் பக்கம் ஒப்புக்கொள்ளேல்லை. அறிவிச்சவையும் தங்கடை சொல்லைக் காப்பாத்தேல்லை. நீங்கள் அந்த நேரம் அதைப் பார்த்துத் தெரிஞ்சிருக்க ஏலாது அண்ணை."

கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு சொன்னார், "அதிலை வரைபடமும் போட்டிருந்தவை தம்பி. சிவப்புக் கோடு போட்டு. பார்க்க நல்ல வடிவாய் இருந்தது."

அதுக்குள்ளை ஒரு ஆபிரிக்க அம்மா மரவள்ளிக்கிழங்கு கேட்டு வந்திட்டா. அவர் தராசைத் துடைச்சுப்போட்டு நிறுக்கப் போனார். நான் ரெண்டு கட்டுக் கீரை எடுத்தேன். காசு வாங்கேக்கை, வழமையில்லாமல், சில்லறை அம்பது சதத்தைத் திருப்பித் தந்தார்.